பூக்க வைக்கிறேன் என்று மணிச்சத்தை ஊற்றியதும், பிறகு போட்ட கணக்கும்

செம்பருத்தியின் கொழுந்து இலை எலுமிச்சை நிறத்தில் விரிந்தது. நரம்பு மட்டும் பச்சை, பேனாவால் கோடு போட்ட மாதிரி. முதலில் ஒரு தொட்டியில்தான் கண்ணில் பட்டது. பத்து நாளில் நான்கிலும் அதே கதை. மொட்டு வைத்ததும் பட்டாணி அளவு வருவதற்குள் காம்போடு உதிர்ந்தது. இத்தனைக்கும் மூன்று மாதமாக வாரம் தவறாமல் "பூ உரம்" கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் இருப்பது பதினொரு தொட்டி. செம்பருத்தி நான்கு, ரோஜா நான்கு, தக்காளி இரண்டு, சாமந்தி ஒன்று. எல்லாம் 12 லிட்டர் தொட்டிகள். தோட்ட மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் கலந்த கலவை. செம்பருத்திக்கு 0-52-34 என்று எண் போட்ட உரம், ரோஜாவுக்கு 19-19-19. ஒன்று பூவுக்கு, மற்றது பொதுவாக என்று பொட்டலத்தைப் பார்த்து நானே முடிவு கட்டிக்கொண்டது.

இளம் இலை வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உடனே ஈடிடிஏ இரும்பு, அதாவது ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் இரும்பு, வாங்கிக் கரைத்து ஊற்றினேன். இரண்டு வாரம் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அப்போதும் இல்லை. இதற்கிடையில் அடி இலைகளும் ஓரத்திலிருந்து உள்நோக்கி மஞ்சளாக ஆரம்பித்தன, நடுநரம்பை ஒட்டி மட்டும் பச்சை தங்கியது. அது மெக்னீசியக் குறையின் முகம். மேலே இரும்பு இல்லை, கீழே மெக்னீசியம் இல்லை. இரண்டும் ஒரே நாளில் தீர்ந்துபோக வழியில்லையே, வேறு ஏதோ ஒன்று இரண்டையும் தடுக்கிறது என்று தோன்றியது அப்போதுதான்.

சரி, ஊற்றுவதை நிறுத்திவிட்டு அளந்து பார்ப்போம் என்று ஒரு ஈசி மீட்டரும் (தண்ணீரில் கரைந்த உப்பை மின்கடத்தல் வழியாகக் காட்டுவது) பிஎச் காகிதமும் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) எடுத்து உட்கார்ந்தேன். தொட்டி மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எளிய வழி வடிநீர்ச் சோதனை. தொட்டிக்கு வழக்கம்போல் நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்து அடியில் சுத்தமான தட்டு வைத்து, மேலே காய்ச்சி வடித்த தண்ணீரைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஊற்ற வேண்டும். கீழே 50 மில்லி வந்ததும் நிறுத்திவிட்டு அதை அளக்க வேண்டும். மேலே ஊற்றிய தண்ணீர், மண்ணுக்குள் வேரைச் சுற்றி இருந்த கரைசலைக் கீழே தள்ளிவிடும். நாம் அளப்பது அதைத்தான்.

குழாய்த் தண்ணீரின் அளவு சென்டிமீட்டருக்கு 0.6 மில்லிசீமன்ஸ். செம்பருத்தியின் வடிநீர் 4.6. தொட்டிச் செடிக்கு இந்த முறையில் 1.5 முதல் 3 வரை வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 4.6 என்றால் உப்பு மண்டிக் கிடக்கிறது. பிஎச் காகிதம் 7-ஐத் தாண்டி நின்றது.

அதன் பிறகு பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் நாளே செய்திருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

பொட்டலத்தில் இருக்கும் மூன்று எண்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்ற வரிசையில் சதவீதங்கள். ஆனால் நடு எண்ணும் கடைசி எண்ணும் நேரடியான பாஸ்பரஸ், பொட்டாசியம் அல்ல. பழைய வேதியியலாளர்கள் செடியையும் உரத்தையும் ஆராய்ந்து, முடிவை ஆக்சைடாக எழுதி வைத்த பழக்கம் இன்னும் தொடர்கிறது. நடு எண் பாஸ்பரஸ் பென்டாக்சைடு, அதை 0.436-ஆல் பெருக்கினால் உண்மையான பாஸ்பரஸ். கடைசி எண் பொட்டாசியம் ஆக்சைடு, அதை 0.83-ஆல் பெருக்கினால் பொட்டாசியம். தழைச்சத்துக்குப் பெருக்கல் இல்லை, அது நைட்ரஜனேதான். ஆக 19-19-19 என்பது சமமான உரமே இல்லை. உண்மையில் அது 19 பங்கு நைட்ரஜன், 8.3 பங்கு பாஸ்பரஸ், 15.8 பங்கு பொட்டாசியம்.

ஒரு கிராம் உரத்தை ஒரு லிட்டரில் கரைத்தால், ஒவ்வொரு சதவீதமும் 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆகும். இது ஒன்றை நினைவில் வைத்தால் போதும், மீதி மனக்கணக்கு. நான் 0-52-34-ஐ லிட்டருக்கு 5 கிராம் போட்டிருந்தேன். 52-ஐ 50-ஆல் பெருக்கினால் 2600. அதை 0.436-ஆல் பெருக்கினால் 1130 பிபிஎம் பாஸ்பரஸ். தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றும் கரைசலில் 20, 30 பிபிஎம் இருந்தால் தாராளம். நான் ஊற்றியது ஏறக்குறைய நாற்பது மடங்கு. பொட்டாசியம் மட்டும் 1400 பிபிஎம். நைட்ரஜன் சுழியம்.

இந்த 5 கிராம் எங்கிருந்து வந்தது என்று பொட்டலத்தைத் திருப்பினேன். எப்போதாவது ஒருமுறை இலைமேல் தெளிப்பதற்கான அளவு அது. நான் அதை வாராவாரம் வேரில் ஊற்றியிருக்கிறேன். பொட்டலத்தின் மேல் பழி போட முடியாது. எழுத்து சின்னது, ஆனால் இருந்தது.

அதிக பாஸ்பரஸ் வேர்ப்பகுதியில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், செடி எடுத்துக்கொள்ள முடியாது. அதிக பொட்டாசியம் மெக்னீசியத்தையும் சுண்ணாம்புச்சத்தையும் வேரின் வாசலில் போட்டியிட்டுத் தள்ளிவிடும். மேல் இலை, கீழ் இலை இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இதில் இன்னொரு கொடுமை, பூச்செடிகளில் செம்பருத்தி மணிச்சத்து அதிகமானால் சீக்கிரம் முகம் சுளிக்கும் ரகம். செம்பருத்தியை மட்டுமே வளர்ப்பவர்கள் நடு எண் மிகக் குறைந்த உரத்தைத்தான் தேடுவார்கள். நான் தேடிப்பிடித்து நேர் எதிரானதை ஊற்றினேன்.

ஈடிடிஏ இரும்பு ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இங்கே விளங்கியது. பிஎச் 6.5-ஐத் தாண்டினால் ஈடிடிஏ இரும்பைக் கைவிட்டுவிடும். இதே வேலை செய்யும் டிடிபிஏ இன்னும் கொஞ்சம் தாங்கும். காரமான மண்ணில் கடைசிவரை பிடித்து நிற்பது ஈடிடிஎச்ஏ. தண்ணீரில் போட்டதும் திராட்சை ரசம் மாதிரிச் சிவப்பாகப் பரவும். கையில் பட்டால் இரண்டு நாள் போகாது.

முதல் வேலை அலசுவது. ஒவ்வொரு தொட்டிக்கும் 30 லிட்டர் தண்ணீரை மூன்று தவணையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம் விட்டு ஊற்றினேன். முதலில் வடிந்தது தேநீர் நிறத்தில் நுரையோடு வந்தது. மூன்றாம் தவணையில் தெளிந்தது. மறுநாள் வடிநீர் 1.4. மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் இலை அப்படியேதான் இருந்தது. உப்பும் பொட்டாசியமும் தண்ணீரோடு போய்விடும். பாஸ்பரஸ் அப்படிப் போகாது. மண்ணில் உள்ள இரும்போடும் கால்சியத்தோடும் ஒட்டிக்கொண்டு உட்காரும். மீட்டர் இறங்கியதால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தது என் அவசரம். ஈடிடிஎச்ஏ இரும்பு ஊற்றி மூன்றாவது வாரம்தான் புதுக் கொழுந்து ஓரளவு பச்சையாக வந்தது. எல்லா இலையும் ஒழுங்கான நிறத்துக்கு வர நான்கு மாதம் பிடித்தது.

அப்புறம் ரோஜா. அங்கே நேர்மாறான சிக்கல். இலை கரும்பச்சை, தண்டு நீள நீளமாக, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதம், நுனியெல்லாம் அசுவினி. பூ மட்டும் இல்லை. தழைச்சத்து மிஞ்சியதன் அடையாளம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. ஆனால் மீட்டரோ வடிநீரில் 1.1 காட்டியது. அதை நம்பி, உரம் போதவில்லை என்று 19-19-19-ஐ லிட்டருக்கு 2 கிராமிலிருந்து 4 கிராமுக்கு ஏற்றியிருந்தேன்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அதன் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து மீட்டரை வைத்தேன்: 0.00. அரைத் தேக்கரண்டி யூரியா போட்டுக் கலக்கினேன். குவளை சில்லென்று ஆனது, யூரியா கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மீட்டர் 0.01. அதே தண்ணீரில் ஒரே ஒரு சிட்டிகை பொட்டாசியம் நைட்ரேட் போட்டதும் எண் குதித்து ஏறியது. யூரியா தண்ணீரில் கரைந்தாலும் மின்னூட்டம் உள்ள அயனியாகப் பிரிவதில்லை. ஆகவே ஈசி மீட்டருக்கு அது தெரியாது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிய பின்தான் தெரியும். என் 19-19-19 பொட்டலத்தில் நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா வடிவம் என்று பின்பக்கமே போட்டிருந்தது. உரக் கரைசலை மீட்டர் வைத்துத் தயாரிப்பவர்கள் இதை ஒருமுறையாவது குவளையில் செய்து பார்க்கலாம்.

தழைச்சத்து மிஞ்சியது தெரிந்ததும் நான் செய்தது அடுத்த தவறு. "பூக்கும் காலத்தில் தழைச்சத்தை நிறுத்த வேண்டும்" என்ற வாய்மொழியை நம்பி, கவாத்து செய்துவிட்டு ஆறு வாரம் நைட்ரஜனே இல்லாமல் விட்டேன். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பூ வந்தது, ஆனால் காம்பு குட்டை, இதழ் எண்ணிப் பார்க்கும் அளவு. ரோஜா புதுத் துளிரின் நுனியில்தான் பூக்கும். ஒவ்வொரு சுற்றுப் பூவுக்கும் ஒரு சுற்றுத் துளிர் வேண்டும், துளிருக்கு நைட்ரஜன் வேண்டும். கிடைக்காதபோது பழைய இலையிலிருந்து உருவி நுனிக்கு அனுப்புகிறது; அதனால்தான் மஞ்சள் அடியிலிருந்து தொடங்குகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை, குறைந்தால் கிழ இலை முதலில் சொல்லும். இரும்பும் கால்சியமும் போரானும் போட்ட இடத்திலேயே நின்றுவிடுபவை, குறைந்தால் கொழுந்துதான் சொல்லும்.

பூவுக்கு மணிச்சத்து என்ற பேச்சு முழுப் பொய்யும் இல்லை. மணிச்சத்து உண்மையிலேயே வறண்ட மண்ணில் அதைச் சேர்த்தால் வேரும் பூவும் கூடும். பேச்சு அங்கிருந்து வந்திருக்க வேண்டும். காய்ந்த செடியை எடை போட்டால் நைட்ரஜன் 2 முதல் 4 சதவீதம், பொட்டாசியமும் கிட்டத்தட்ட அதே அளவு, பாஸ்பரஸ் 0.2 முதல் 0.5 சதவீதம்தான். பூவிலும் இந்த விகிதம் தலைகீழாக மாறிவிடுவதில்லை. ஒழுங்காக உரம் கிடைக்கும் தொட்டியில் பாஸ்பரஸ் குறைந்து பூக்காமல் போன செடியை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே புதுக் கலவையில் பாஸ்பரஸைத் தாழ்வாக வைத்துவிட்டு, நைட்ரஜனுக்கும் பொட்டாசியத்துக்கும் இடையே உள்ள விகிதத்தை மட்டும் வளர்ச்சிக்கும் பூவுக்கும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். எடுத்துக்கொண்டவை நான்கு: கால்சியம் நைட்ரேட் (15.5 சதவீதம் நைட்ரஜன், 19 சதவீதம் கால்சியம்), பொட்டாசியம் நைட்ரேட் (13-0-45), அதே பழைய 0-52-34, எப்சம் உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட். நான்கிலும் யூரியா இல்லை, எனவே மீட்டர் சொல்வதை நம்பலாம்.

நான்கையும் ஒரே பாட்டிலில் அடர்த்தியாகக் கரைத்து வைத்தால் வேலை மிச்சம் என்று ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன். பால் மாதிரி வெளுத்தது. அரை மணி நேரத்தில் அடியில் சுண்ணாம்பு போல ஒரு படிவு. கால்சியம், எப்சம் உப்பின் சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகவும், பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகவும் மாறிவிட்டது. ஒரு பாட்டில் உரம் மண்ணாகப் போனதைப் பார்த்த பிறகுதான் ஏன் இரண்டு பாட்டிலாக விற்கிறார்கள் என்று புரிந்தது. வாளி நிறையத் தண்ணீரில் மெலிந்து கிடக்கும்போது இவை ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. அடர்த்தியில் சந்திக்க விட்டால்தான் வம்பு.

இப்போது இரண்டு பாட்டில், இரண்டும் ஒவ்வொரு லிட்டர்:

முதல் பாட்டில்: கால்சியம் நைட்ரேட் 60 கிராம்.

இரண்டாம் பாட்டில்: பொட்டாசியம் நைட்ரேட் 35 கிராம், 0-52-34 12 கிராம், எப்சம் உப்பு 30 கிராம். இதனோடு நுண்ணூட்டக் கலவை, அதன் பொட்டலம் சொல்லும் அளவில்.

பூக்கும் காலத்துக்கு 10 லிட்டர் வாளியில் முதல் பாட்டிலிலிருந்து 100 மில்லி, நன்றாகக் கலக்கிய பின் இரண்டாவதிலிருந்து 100 மில்லி. கணக்குப்படி நைட்ரஜன் 138, பாஸ்பரஸ் 27, பொட்டாசியம் 165, கால்சியம் 114, மெக்னீசியம் 30 பிபிஎம். கவாத்து செய்தபின் துளிர் வளரும் காலத்துக்கு முதலாவது 130 மில்லி, இரண்டாவது 70 மில்லி: நைட்ரஜன் 153, பாஸ்பரஸ் 19, பொட்டாசியம் 115. வேறு உரம் எதுவும் மாற்ற வேண்டியதில்லை, அளவுக் குவளையில் கோடு மட்டும் மாறும். வாரம் ஒருமுறை உரத் தண்ணீர், இடையில் வெறும் தண்ணீர். செடி சோம்பி நிற்கும் குளிர் நாட்களில் பாதி அளவு. வாளித் தண்ணீர் காரமாக இருந்தால் பாட்டில்களைத் தொடும் முன் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் காகிதம் 6 காட்டும் வரை இறக்கிக்கொள்கிறேன்.

ஒரு கிராம், இரண்டு கிராம் வித்தியாசத்துக்குச் சமையலறைத் தராசு ஒத்துவராது. 12 கிராம் வைத்தால் அது 10 என்றும் சொல்லும், 14 என்றும் சொல்லும். 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. தேக்கரண்டிக் கணக்கு இன்னும் மோசம். எப்சம் உப்பின் படிகமும் கால்சியம் நைட்ரேட்டின் உருண்டையும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது.

செம்பருத்தி நான்கும் ஒரே தாய்ச்செடியின் குச்சியில் வந்தவை. அதனால் நிறம் திரும்பிய பிறகு ஒரு சின்னச் சோதனை. இரண்டு தொட்டிக்கு இந்தக் கலவை. மற்ற இரண்டுக்கு இதே கலவையில் லிட்டருக்கு அரை கிராம் 0-52-34 கூடுதலாக, அதாவது பாஸ்பரஸ் 140 பிபிஎம். எட்டு வாரம் விரிந்த பூக்களை எண்ணினேன். சாதாரணக் கலவையில் 61, 54. கூடுதல் மணிச்சத்தில் 47, 58. நான்கு தொட்டியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. கூடுதல் தொட்டிகளில் பொட்டாசியமும் சேர்ந்து ஏறியிருக்கிறது, அதனால் சோதனையும் சுத்தமில்லை. கூடுதலாக ஊற்றியதற்கு ஒரு பூ கூட அதிகம் கிடைக்கவில்லை என்பது வரை சொல்லலாம். 47 வந்த தொட்டியின் மொட்டுக்குள் இலைப்பேன் இருந்ததையும் பிறகுதான் பார்த்தேன்.

தக்காளியில் பெரிய கதை இல்லை. காயின் அடி கறுத்து அமுங்கிக்கொண்டிருந்தது. கால்சியம் நைட்ரேட் வந்ததோடு, தண்ணீரையும் நாள் தவறாமல் விட ஆரம்பித்தேன். நின்றுவிட்டது. எது நிறுத்தியது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது, தண்ணீர்தான் என்று சந்தேகம்.

சாமந்தி மட்டும் எந்தக் கலவைக்கும் மசியவில்லை. இலை நல்ல பச்சை, வடிநீர் 1.8, மொட்டு மட்டும் கிடையாது. ஒருநாள் இரவு தண்ணீர் மறந்துவிட்டது என்று போனபோது பார்த்தேன், தொட்டியின் தலைக்கு நேர் மேலே சுவர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமந்தி நீண்ட இரவைப் பார்த்துத்தான் மொட்டு வைக்கும். அதற்கு இரவே வரவில்லை. தொட்டியை இருட்டான மூலைக்கு நகர்த்தி நான்காவது வாரம், கடுகு அளவில் முதல் மொட்டு.

பழைய 0-52-34 ஒரு கிலோ பொட்டலத்தில் இன்னும் 400 கிராம் இருக்கிறது. முதல் 600 கிராமை மூன்று மாதத்தில் நான்கு செம்பருத்தியும் வாங்கிக் கட்டிக்கொண்டன. இப்போது வாளிக்கு 1.2 கிராம், வாரம் இரண்டு வாளி, பதினொரு தொட்டிக்கும் சேர்த்து. மிச்சம் இருப்பது மூன்று வருஷத்துக்கு மேல் வரும். மூடி இறுக்கமான டப்பாவுக்கு மாற்றி, மேலே "தெளிப்புக்கு மட்டும் 5" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.